மேனேஜரின் கால்விரல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். உங்கள் இருவரின் சௌக்கியத்தை மகள் நேற்றே போனில் சொல்லிவிட்டதால், அதை விசாரித்துத் தாளை நிரப்பவில்லை. இதையும் போனிலேயே சொல்லியிருக்கலாம். பாதியில் உங்கள் அத்தை போனைப் பிடுங்கித் தன் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுவார் என்பதால் கடிதம்.

உங்கள் பயிற்சிக்காக இருவரும் வெளியூர் போகும்போது நீங்கள் கண்ணாடிப் பெட்டியோடு எங்களிடம் ஒப்படைத்துப் போன உங்கள் செல்லத் தாடி ஓணான், மேனேஜர் என்று நீங்கள் பேர் வைத்தவர், உயிரோடு இருக்கிறார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இனி வருவதைப் படித்தால் உங்களுக்குச் சந்தேகம் வரும். போன வாரம் அவர் உடம்பு வெளிறி, சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "உங்க பாட்டைக் கேட்டிருக்கும், வேறென்ன?" என்றார் உங்கள் அத்தை. மறுநாள் முதுகில் தோல் பொரிந்து எழும்பியது. நாற்பது வருஷம் வீடுகளுக்குப் பெயின்ட் அடித்தவன் நான், வெயில் படுகிற சுவரில் பெயின்ட் எப்படிக் கொப்பளிக்கும் என்று எனக்கா தெரியாது? பெட்டிக்குள் அவர் தலைக்கு மேல் எரிகிற விளக்குதான் காரணம் என்று கண்டுபிடித்து அணைத்துவிட்டேன். அணைத்ததோடு விட்டேனா, டேபிள் ஃபேனையும் அவர் பக்கம் திருப்பி வைத்தேன். இரண்டு நாளில் மேனேஜர் அசைவதையே நிறுத்திவிட்டார்.

தூக்கிக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினோம். "தோல் உரியுற நேரத்துல சூடு வேணும் சார். யாரு விளக்கை அணைச்சது?" என்று கேட்டார். நான் அவர் சுவரில் ஈரம் இறங்கியிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இவர்தான்" என்றார் உங்கள் அத்தை. பின்னங்கால் விரல் ஒன்றில் பழைய தோல் கழலாமல் மோதிரம் மாதிரி இறுகி, விரல் வீங்கிப்போயிருந்தது. அப்படியே விட்டால் விரல் செத்து விழுந்துவிடுமாம், பிய்த்து இழுத்தாலும் போச்சாம், வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துப் பொறுமையாக எடுக்க வேண்டுமாம். மாப்பிள்ளை, நம்பிக் கொடுத்த பிராணியை ஒரு விரல் குறைவாகத் திருப்பிக் கொடுத்தால் நான் எந்த மூஞ்சியோடு உங்கள் முன்னால் நிற்பது? அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

விளக்கைத் திரும்பப் போட்டதும் மேனேஜர் அசைந்தார். பிறகு மூன்று நாள், காலையும் மாலையும், பிளாஸ்டிக் தொட்டியில் குளியல். முதல் நாளே தண்ணீருக்குள் காலைக்கடனை முடித்துவிட்டு, தப்பு என்னுடையது என்பதுபோல் என்னை முறைத்தார். தலைத்தோல் முழுசாகக் கழன்றது, முதுகுத்தோல் பாதி கழன்று தொங்கியது, எனக்குக் கை துறுதுறுத்தது. உரிகிற எதையும் விட்டுவைத்த கை இல்லையே இது. "கையை மடியில வைங்க! விளக்கை அணைச்ச கைதானே அது?" என்று அதட்டினார் உங்கள் அத்தை. நீங்கள் மேனேஜரைக் கொண்டுவந்த அன்று நாற்காலி மேல் ஏறி நின்ற அதே அத்தை, இப்போது அவரை உள்ளங்கையில் கிடத்தி, பஞ்சுக் குச்சியை நனைத்து அந்த விரலைச் சுற்றிச் சுற்றித் தடவினார். "கொஞ்சம் பொறுத்துக்கடா ராஜா, இதோ வந்துடுச்சு, இதோ." முப்பத்தைந்து வருஷத்தில் என்னிடம் இந்தக் குரலில் ஒரு வார்த்தை பேசியதில்லை. மூன்றாம் நாள் மாலை அந்த வளையம் பஞ்சோடு வந்துவிட்டது. மறுநாள் வீக்கம் வடிந்து, விரலும் அசைந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேனேஜர் இப்போது பளபளவென்று இருக்கிறார், நான் அடித்த எந்தச் சுவரும் அப்படி வந்ததில்லை.

ஆனாலும் இந்த வயதில் இதெல்லாம் எங்களால் ஆகாது. வருகிற சனிக்கிழமை திரும்பியதும் உங்கள் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்து அவரை அழைத்துப் போய்விடவும். இதில் மாற்றமே இல்லை. உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள். வேளாவேளைக்குச் சாப்பிடவும், சண்டையைச் சாப்பிட்ட பிறகு வைத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: கடிதத்தை உங்கள் அத்தை படித்துவிட்டார். கடைசிப் பத்திக்கு வந்ததும் எழுந்துபோய், கண்ணாடிப் பெட்டியைப் படுக்கையறைக்குள் வைத்து உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டார். நானும் உள்ளேதான் இருக்கிறேன், பெட்டியின் அந்தப் பக்கத்தைப் பிடித்துத் தூக்கியவனே நான்தான். சனிக்கிழமை அவசரப்பட்டு வர வேண்டாம். மேனேஜரைப் பார்க்க ஞாயிறு மாலை நான்கிலிருந்து ஐந்து வரை வரலாம். கையைக் கழுவிவிட்டு வரவும்.