கலப்பே இல்லாத பேரீச்சை

உலகில் ஆராய்ச்சி நிலையங்கள் ஆயிரம் இருக்கலாம். முடிவை எழுதி வைத்துவிட்டு அதன்பிறகு கணினியைக் கூப்பிடும் துணிவு, துனீசியாவின் தெற்கிலுள்ள எங்கள் பேரீச்சை ஆராய்ச்சி நிலையத்துக்கே வாய்த்தது. அதன் கணினிப் பிரிவில் நானும் ஒருவன் என்று நினைக்கும்போதே நெஞ்சு விம்முகிறது.

எங்கள் ஊர்ப் பேரீச்சை 'ஆதிமுதல் கலப்பற்றது' என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறோம். மந்திரி வருகிறாரே, அதன் வம்ச மரத்தை வரைந்து மாட்டுவோம் என்று ஏற்பாடு. ஆராய்ச்சியாளர் ஹைஃபா மரபணு விவரங்களைக் கணினிக்குக் கொடுத்தாள். வந்த படத்தில், பிரிந்துபோன இரண்டு கிளைகள் மறுபடி ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்று, எங்கள் பேரீச்சையிலேயே ஒரு வம்சம்; மற்றது, பக்கத்து ஊரில் கழுதைக்குப் போடும் பேரீச்சை!

இயக்குநர் லஸாத் கர்சல்லிக்கு வியர்த்துவிட்டது.

"மரம்னா கிளை பிரியும். எங்கயாவது சேருமா, ஹைஃபா?"

"கலப்பு நடந்தா சேரும், டாக்டர். அந்தக் கலப்புதான் வாடல் நோயத் தாங்குது. எங்கப்பா தோப்புல பாதி போயிடுச்சு. இந்த வம்சத்துக் கன்னக் குடுத்தா தோப்பு பொழச்சுக்கும்."

"கழுதை திங்கிறதோட நமக்குச் சம்பந்தமா? மந்திரி வர்றாரும்மா!"

நான் பணிவோடு குறுக்கிட்டேன். எத்தனை கலப்புவரை தேடலாம் என்று மென்பொருள் நம்மைத்தான் கேட்கும் என்றேன்.

"நம்மளயா கேக்குது? எவ்வளவு மரியாதை தெரிஞ்ச மெஷின்!" என்று நெகிழ்ந்த இயக்குநர், தம் கைவிரலாலேயே பூஜ்யத்தைத் தட்டினார். அவர் வாழ்நாளில் செய்த ஒரே ஆராய்ச்சி அதுதான்.

"தேடாதேன்னு சொல்லிட்டு, இல்லேன்னு எழுதுறீங்களே!" என்றாள் ஹைஃபா.

"இல்லாதத எதுக்கும்மா தேடணும்?"

கணினி சமர்த்தாக ஒரு சுத்தமான மரத்தை வரைந்தது. மந்திரி கைதட்டினார். நாற்றங்காலில் இருந்த கலப்புக் கன்றுகளைப் பிடுங்கி எரித்தோம். ஹைஃபாவின் அப்பா ஹமூதாவுக்குச் சான்றிதழோடு 'தூய' கன்றுகளை வழங்கினோம்.

கோடை முடியுமுன் அவர் நிலையத்துக்கு வந்து நின்றார்.

"டாக்டர், நீங்க குடுத்த கன்னும் செத்துச்சு, இருந்த மரமும் செத்துச்சு. நோய் ஒண்ணக்கூட விடல."

"நோயா? அத நாங்க தேடவே இல்லயே, ஹாஜி! அப்புறம் எப்படி வரும்?"

பெரியவர் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் முறையின் மேன்மை இதுதான். நாங்கள் தேடாத எதுவும் இந்த நாட்டில் இல்லை. ஹமூதாவின் தோப்பு மட்டும், தேடினாலும் இல்லை.