வெறுங்காலும் நான்கு முட்டைகளும்

பறக்கப்போகிற விமானத்தை வெறும் பாதத்தால் நிறுத்தக்கூடிய ஆசாமி செங்கல்பட்டு மாவட்டத்திலேயே ஒருவர்தான். அவர் பெயர் எங்களுக்கு வெறுங்கால். கடப்பாக்கம் பக்கத்தில் குட்டி விமானங்கள் ஏறி இறங்கும் மைதானத்தில் புல் வெட்டுவது அவர் வேலை. ஆனால் காலையில் செருப்பில்லாமல் ஓடுபாதை முழுக்க நடந்து பார்த்து அவர் தலையாட்டினால்தான் விமானம் கிளம்பும். ஈரம், பள்ளம், எலிவளை எல்லாம் அவர் உள்ளங்காலுக்குத் தெரியும்.

நான் முதன்முதலாகத் தனியாகப் பறக்கவேண்டிய ஞாயிற்றுக்கிழமை அது. கற்றுக்கொடுத்த கேப்டன் மறுநாள் மகள் வீட்டுக்குப் போகிறார். திரும்ப ஆறு மாதமாகும். அதற்குள் கற்றதெல்லாம் மறந்துவிடும். படூரில் இருக்கும் எங்கள் குடியிருப்பையே வேனில் ஏற்றிக்கொண்டு போயிருந்தேன். புளியோதரை மட்டும் நான்கு தூக்கு.

பாதி தூரம் நடந்த வெறுங்கால், ஒரு குச்சியை நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட்டு வந்தார்.

“இன்னிக்கு இல்ல சார். ஆள்காட்டிக் குருவி நாலு முட்ட வச்சிக்கீது.”

“தூக்கி ஓரமா வையேன்யா.”

“உன் வூட்டுத் தொட்டில தூக்கி நான் ரோட்டோரம் வச்சா சும்மா இருப்பியா?”

கேப்டனிடம் முறையிட்டேன். “அவரு வேணாம்னா வேணாம்ப்பா” என்று சொல்லிவிட்டு அவர் காபி குடிக்கப் போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புல் வெட்டுகிறவருக்கு இவ்வளவு அதிகாரமா? சவுக்கு நிழலில் உட்கார்ந்து, இவரை வேலையை விட்டு நீக்கச் சொல்லி மைதானத்தை நடத்தும் விமான மன்றத்தின் செயலாளருக்கு இரண்டு பக்கம் எழுதினேன். ‘ஆணவம்’ என்ற சொல் மட்டும் மூன்று இடத்தில் வந்தது.

நிமிர்ந்தால் புல்வெட்டி எந்திரத்தின் சத்தம். குச்சிக்குப் பத்தடி மேற்கே, முழங்கால் உயரப் புல்லை வெறுங்கால் வெட்டிக்கொண்டிருந்தார். சித்திரை வெயிலில் மாலை நான்கு மணிவரை வெட்டினார். வேனில் வந்தவர்கள் சாப்பிட்டுத் தூங்கியே விட்டார்கள். பிறகு புதுப் பாதையில் இரண்டு தடவை நடந்து, ஒரு பள்ளத்தை மண் போட்டு மிதித்து மூடினார். கேப்டன் முதலில் ஒரு சுற்றுப் போய் வந்தார்.

“இப்ப போ சார். கிழக்கால ஒதுங்காத.”

போனேன். மேலிருந்து கடல் தெரிந்தது, வேன் தெரிந்தது, அந்தச் சிவப்புத் துணியும் தெரிந்தது. இறங்கியதும் எல்லாரும் கைதட்டினார்கள். அவர் மட்டும் சக்கரத் தடத்தருகே குந்தி உட்கார்ந்திருந்தார்.

“இடது சக்கரத்த குத்தி எறக்கிட்ட. புல்லு பேந்துட்சி பாரு.”

என் புகார்க் கடிதத்தில் யாரோ புளியோதரைக் கையைத் துடைத்திருந்தார்கள். நல்லதாகப் போயிற்று.

அன்று அவர் வெட்டிய பாதையில்தான் இன்றுவரை விமானங்கள் ஏறி இறங்குகின்றன. போன வாரம் மைதானத்தின் வரலாற்று மலர் வந்தது. ரிப்பன் வெட்டியவர், மாலை போட்டவர், போட்டுக்கொண்டவர் எல்லாருக்கும் வண்ணப்படம். ‘நிபுணர்களின் ஆய்வுக்குப் பின் ஓடுபாதை மேற்கே நகர்த்தப்பட்டது’ என்று ஒரு வரி. எந்த நிபுணர்? என்ன ஆய்வு? நான்கு முட்டைகள்தானே ஐயா காரணம்? வெறுங்காலின் பெயர் ஒரு பக்கத்திலும் இல்லை. அதே செயலாளருக்கு மறுபடியும் இரண்டு பக்கம் எழுதிப் போட்டிருக்கிறேன். இந்தத் தடவையும் ‘ஆணவம்’ மூன்று இடத்தில் வருகிறது.

பெரிய விமானங்களில் போகும்போது, கிளம்புவதற்கு முன் ஜன்னல் வழியாக ஓடுபாதையைப் பார்க்கிறேன். யாரும் வெறுங்காலில் நடந்து பார்ப்பதில்லை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.