மகாராணி ஊர்கோலம்

முதலாளி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோதுதான், மேசைமேல் கண்ணாடிப் பெட்டி இருப்பது ஸ்ப்ரேவுக்கு உறைத்தது.

உள்ளே கரப்பான்பூச்சிகள். சமையலறையில் ஓடும் ரகமல்ல; கட்டைவிரல் பருமன், இறக்கை கிடையாது, தொட்டால் பாம்பு மாதிரி சீறும் வெளிநாட்டு இனம். ஸ்ப்ரே ஆசை ஆசையாய் வளர்க்கிறான். அவற்றில் பெரியவள் பெயர் மகாராணி. இப்போது கர்ப்பம் வேறு.

ஸ்ப்ரே வேலை பார்ப்பதோ பூச்சிமருந்து அடிக்கும் கம்பெனியில். பட்டப்பெயரும் அங்கே வைத்ததுதான். "ஒண்ணு விடாமக் கொல்லுங்கய்யா!" என்பதுதான் முதலாளியின் காலை வணக்கம். விஷயம் தெரிந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும்.

அவன் மனைவி சட்டென்று பெட்டிமேல் ஒரு துண்டைப் போட்டு, கீழே இறக்கி, சோபாவுக்குப் பின்னால் தள்ளினாள். முதலாளி நேராக வந்து அந்தச் சோபாவிலேயே உட்கார்ந்தார். தோல்பையைக் காலடியில் வைத்தார்.

"இந்தப் பக்கம் வந்தேன். உன்ன சூப்பர்வைசராப் போடலாம்னு இருக்கேன்யா."

"உஸ்ஸ்ஸ்" என்றது சோபா.

"என்னய்யா சத்தம்?"

"குக்கர் சார்."

"அடுப்பே பத்த வைக்கலையே" என்றாள் மனைவி, வாய் தவறி.

"அப்ப கேஸ் லீக்!" முதலாளி துள்ளி எழுந்து சமையலறைக்கு ஓடினார்.

ஸ்ப்ரே சோபாவுக்குப் பின்னால் குனிந்தான். தள்ளிய வேகத்தில் மூடி நகர்ந்திருந்தது. "மத்தவங்க எல்லாரும் இருக்காங்கடி. மகாராணியத்தான் காணோம்!"

மனைவி விரலை நீட்டினாள். முதலாளியின் பைக்குள் இரண்டு பின்னங்கால்கள் நிதானமாக மறைந்துகொண்டிருந்தன.

பாய்ந்து பையைத் தூக்கினான். அதற்குள் முதலாளி திரும்பி வந்துவிட்டார்.

"என் பைய எதுக்குய்யா நோண்டற?"

"கனமா இருக்குமேன்னு... வண்டி வரைக்கும் நான் கொண்டாரேன் சார்."

"ஒண்ணும் வேணாம். முதல்ல கேஸ்காரனக் கூப்பிடு. மத்தத ஆபீஸ்ல பேசிக்கலாம்." பையைப் பிடுங்கிக்கொண்டு போயே போய்விட்டார்.

வேலை போனாலும் போகட்டும், பிள்ளைத்தாச்சியை அப்படியே விட்டுவிட முடியுமா? ஓட்டை போட்ட டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பின்னாலேயே விரட்டினான். வழியெல்லாம் பொய்களை ஒத்திகை பார்த்தான். ஒன்றும் தேறவில்லை.

முதலாளி வீட்டுக் கதவைத் திறந்தது அவர் மனைவி. உள்ளே ஏதோ தடாலென்று விழுந்தது.

"அம்மா, சார் பையில ஒரு பூச்சி..."

"உங்களதா? அந்த வாளிக்கடியில மூடி வச்சிருக்கேன், எடுத்துக்கங்க தம்பி."

வாளியை மெல்லத் தூக்கினான். மகாராணி நலம். டப்பாவுக்குள் விட்டு மூடினான்.

"சார் ரொம்பக் கோவமா இருக்காராம்மா?"

"கோவமா? பீரோ மேல ஏறி உக்காந்துக்கிட்டு இறங்க மாட்டேங்கறாரு" என்றாள் அந்தம்மா, குரலைத் தாழ்த்தி. "கரப்பானுக்குப் பயந்துதானே தம்பி அவரு இந்தக் கம்பெனியையே ஆரம்பிச்சாரு!"