பேரில் இல்லாத நிறம்

போன சனவரியில் கேத்திப் பள்ளத்தாக்கில் ஹரிதாஸ் ஒரு கொலை செய்தார். ஆயுதம், மறதி.

தங்கைக்குப் பிரசவம் என்று தேவாலாவுக்குக் கிளம்பிய மனைவி கலைமதி, ஒரே ஒரு வேலைதான் சொன்னாள். "ஏனுங்க, பொழுது சாஞ்சதும் என் நீலப்பூச் செடியைச் சாக்குப் போட்டு மூடிருங்க. உறைபனி பட்டா கருகிரும்."

கல்யாணமான வருஷம் அவரே வாங்கித் தந்த செடி. பதினெட்டு வருஷமாகத் தவறாமல் பூக்கிறது. மனுஷன் தந்த பரிசும் அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் சாக்கை மறந்தார். விடிந்து பார்த்தால் இலையெல்லாம் வெந்த கீரை.

கிழங்கைப் பிடுங்கிக் குப்பைக்குழியில் எறிந்தார். தொட்டியில் கலைமதி குத்தியிருந்த அட்டையில் தாவரவியல் பெயர் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஊட்டி நர்சரிக்கு ஓடி, "அகபாந்தஸ் ப்ரீகாக்ஸ் ஒண்ணு குடுங்க" என்று மருந்துச்சீட்டு வாசிப்பதுபோல் கேட்டார். பூக்காத பருவம். இலை அச்சு அசல் அதேதான். நட்டு, அட்டையையும் குத்திவிட்டார்.

ஊர் திரும்பிய கலைமதி செடியைப் பார்த்தாள். "பரவால்லீங்களே" என்றாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காதா? மறுநாள் முதல் விடியலில் எழுந்து செடிக்குத் தண்ணீர், மனைவிக்குக் காப்பி. இப்படியே நாலு மாசம்.

மே மாசம் மொட்டு விரிந்தது, வெள்ளை வெளேரென்று.

"சத்துக் குறைச்சல், கலை. சாயம் போயிருச்சு."

"இல்லீங்க. அந்தப் பேருல நீலமும் உண்டு, வெள்ளையும் உண்டு. கேக்கறப்ப நெறத்தையுஞ் சொல்லிக் கேக்கோணும்."

ஹரிதாஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "உனக்குத் தெரியுமா?"

"வந்த அன்னிக்கே தெரியுங்க. நீங்க எறிஞ்ச கெழங்கு சாகலை. பக்கத்து ஊட்டு நபீசாக்கா எடுத்து நட்டு வெச்சிருக்காங்க. அங்க பாருங்க."

வேலிக்கு அப்பால் கொத்தாக நீலப்பூ.

"உனக்குன்னு வாங்கித் தந்தது அது ஒண்ணுதான். அதையுங் கொன்னுட்டமேன்னு இத்தனை நாளா மனசு ஆறலை, கலை."

"அது எனக்குத் தெரியாதுங்களா?" அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இப்ப வாங்கித் தந்தது ரெண்டாச்சு."

அவருக்குக் கண் கலங்கியது. "அப்ப அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா காப்பி யாரு போடுவா? நீலத்தையும் நபீசாக்காகிட்ட திருப்பி வாங்கிக்கறேன். நாளையில இருந்து ரெண்டு தொட்டிங்க, கொஞ்சம் வெள்ளென எந்திரிங்க."