மாடிச் சபை பற்றி மைத்துனருக்கு ஒரு முறையீடு

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கட்டடத்து லிஃப்டும் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன். அதைப் பற்றி இப்போது வேண்டாம். நான் போன் செய்தால் நீங்கள் எடுக்க மாட்டீர்கள். கடிதம் என்றால் கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு வரியாவது கண்ணில் படும் என்றுதான் இதை எழுதுகிறேன். அந்த ஒரு வரி இதுவாக இருக்கட்டும்: உங்கள் தங்கை வீட்டை விட்டுப் போய்விட்டாள், மச்சான்.

கிழிக்கவில்லை என்றால் மேலே படியுங்கள். கொஞ்ச நாளாகவே அவள் நடவடிக்கை சரியில்லை. பாத்திரம் தேய்க்கும்போது பாட்டு முணுமுணுத்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் கேட்டிராத பாட்டு. "உடம்பு சரியில்லையா" என்று கேட்டேன், நன்றாகத்தான் இருக்கிறேன் என்றாள். பிறகு ஒரு மதியம், சாப்பாட்டை ஹாட் பேக்கில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, எனக்கு வெளியில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். எங்கே, யாரோடு, எப்போது திரும்புவாய் என்று நான் கேட்டு முடிப்பதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டாள். வெளியூரில் இருக்கும் என் மகளுக்குப் போன் போட்டு நிலைமையைச் சொன்னேன். அம்மா சந்தோஷமாக இருக்கிறாளா என்று கேட்டாள். அதுதானே எனக்குச் சந்தேகமே என்றேன்.

மேல் வீட்டுப் பல் டாக்டர்தான் விஷயத்தை உடைத்தார். சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் ஒரு சபை கூடுகிறதாம், எந்த மதம் என்றே தெரியாதாம், கண்ணை மூடிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்திருப்பார்களாம், உங்கள் தங்கை அங்கே போவதை அவர் கண்ணால் பார்த்தாராம். இதெல்லாம் மூளைச்சலவைக் கூட்டம் சார், இன்றைக்குப் பாட்டு, நாளைக்கு மொட்டை, நாளை மறுநாள் ஆளே கிடைக்க மாட்டார் என்றார். பிறர் வாயைத் திறக்க வைத்தே சம்பாதிப்பவர், தன் வாயை மூடவே மாட்டேன் என்கிறார். அவர் போன பிறகு ஒரு வார இதழைக் கீழே அனுப்பிவைத்தார். அதில் ஒரு மனநல மருத்துவர், ஒரு கூட்டம் ஆளை விழுங்கும் கூட்டமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று எழுதியிருந்தார். தலைவரை எதிர்த்து யாரும் பேச முடியாது, சொந்தபந்தத்தை வெட்டிவிடுவார்கள், சாப்பாடு தூக்கம் எல்லாம் அவர்கள் இஷ்டம், உள்ளே போனவர் வெளியே வர முடியாது, இந்த மாதிரி. அதைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வேலைக்காலம் முழுக்க லிஃப்ட் சோதித்தவன் நான். ஏறுகிறவன் பத்திரமாக இறங்குவானா என்று பார்ப்பதுதான் என் தொழில். ஒரு சபையைச் சோதிக்க எனக்குத் தெரியாதா?

அவளுக்குத் தெரியாமல் பின்னாலேயே போனேன். தெரியாமல் என்று நான் நினைத்துக்கொண்டேன். மாடியில் நான் நுழைந்தபோது அவள் நேராக என்னைப் பார்த்தாள், பஸ்ஸில் எதிர் சீட்டில் உட்கார்ந்தவரைப் பார்க்கிற மாதிரி. நானும் சோதனைக்கு வந்தவன் ஆயிற்றே, யாரோ போல ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். அங்கே ஒரு விதி உண்டு மச்சான், இந்த அநியாயம் முழுக்க அந்த விதியால் வந்தது. கொஞ்ச நேரம் எல்லோரும் பேசாமல் பிரார்த்தனை செய்வார்கள். பிறகு மனதில் இருப்பதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் அடுத்தவரைப் பற்றிச் சொல்ல வந்தால் பெயரும் சொல்லக் கூடாது, உறவும் சொல்லக் கூடாது. சொன்னால் புறம் பேசியதாகிவிடுமாம். அதனால் வீட்டை 'நான் இருக்கும் இடம்' என்பார்கள், வீட்டில் இருப்பவரை 'அங்கே ஒருவர்' என்பார்கள். யாரும் யாரையும் நீ யார், எந்த வீடு என்று கேட்பதில்லை.

நான் முறைப்படி சோதனையைத் தொடங்கினேன். வெளியே போக விடுகிறார்களா என்று பார்க்க, பிரார்த்தனை நடுவில் எழுந்து கீழே இறங்கினேன். யாரும் தடுக்கவில்லை. திரும்ப ஏறினேன், மறுபடி இறங்கினேன். மறுபடி ஏறி வந்தபோது சைக்கிள் கடைக்காரர் என் நாற்காலியை வாசல் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, ரகசியமாகக் கழிப்பறை இருக்கும் திசையைக் காட்டினார். தலைவர் யார் என்று கேட்டேன், அப்படி யாரும் இல்லையாம். சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டேன், கூட்டிப் பெருக்குகிற அம்மாவிடம் இருக்குமாம், அவர்தான் முதலில் வருவாராம். டீ கொடுத்தார்கள். அதில் ஏதாவது கலந்திருந்தால் என்ன செய்வது என்று பக்கத்தில் இருந்த பூந்தொட்டியில் பாதியை ஊற்றிவிட்டு, செடி வாடுகிறதா என்று கவனித்துக்கொண்டே இருந்தேன். நன்றாகத்தான் நின்றது. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் அது பிளாஸ்டிக் செடி என்று உறைத்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு குறையும் அகப்படவில்லை. அகப்படாத அளவுக்கு மறைக்கிறார்கள் என்றால் எவ்வளவு பெரிய கூட்டமாக இருக்கும் பாருங்கள்.

பிரார்த்தனை முடிந்ததும் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் என்னிடம் பேச்சுக் கொடுத்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். ஆய்வாளராக இருந்தவன் என்றும், எதில் ஆய்வாளர் என்று சொல்லாமல், ஆளை மயக்கும் கூட்டங்களைப் பற்றி ஆழமாகப் படித்தவன் என்றும் அளந்துவிட்டேன். அந்த அம்மா முகம் மாறியது. நல்ல நேரத்தில் வந்தீர்கள், எங்களில் ஒருவர் இருக்கும் இடத்தைப் பற்றித்தான் எங்களுக்கு ரொம்ப நாளாகக் கவலை, அது அந்த மாதிரிக் கூட்டமோ என்று பயமாக இருக்கிறது, நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். எல்லோரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். உங்கள் தங்கை ஓரமாக நின்று டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவள் முன்னால் நாலு பேர் என்னிடம் யோசனை கேட்கிறார்கள்! பையிலிருந்து காகிதத்தை எடுத்து விரித்தேன்.

"அங்க ஒரு பெரியவர் இருக்காராம்," என்றார் நர்ஸ். "அவர் சாப்பிடும்போது யாரும் பேசக் கூடாதாம். மின்விசிறி எந்த வேகத்துல ஓடணும்னு அவர்தான் சொல்வாராம்."

தலையை ஆட்டினேன். எத்தனை பேர் அங்கே இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"முன்னாடி ரெண்டு பேர் இருந்தாங்களாம். ஒரு பொண்ணு கல்யாணம் பண்ணிக்கிட்டுத் தப்பிச்சுப் போயிடுச்சாம். இப்ப இவங்க ஒருத்தர்தான் மிச்சம்."

சின்னக் கூட்டந்தான் ரொம்ப ஆபத்து, மொத்தப் பாரமும் ஒரே கயிற்றில் தொங்கும் என்று விளக்கினேன். அந்த ஆள் தன்னைத் தெய்வம் என்று சொல்லிக்கொள்கிறாரா என்று கேட்டேன்.

"அப்படிச் சொல்றதில்லையாம். ஆனா தப்புப் பண்ணிட்டேன்னு இதுவரைக்கும் சொன்னதும் இல்லையாம்."

எனக்கு ரத்தம் கொதித்தது, மச்சான். யாரோ ஒரு பெண்பிள்ளை எங்கேயோ இப்படி அடைபட்டுக் கிடக்கிறாளே என்று மனசார வருத்தப்பட்டேன். இது பொய்யில்லை. எழுந்து நின்றுகொண்டேன். இத்தனை வருஷ அனுபவத்தில் இவ்வளவு மோசமான நிலையை நான் பார்த்ததில்லை என்றேன். "உடனே மூடி சீல் வைக்க வேண்டிய இடம் இது. அந்த அம்மாவை இனிமே அங்க அனுப்பாதீங்க. துணிமணி எடுக்கக்கூட அனுப்பாதீங்க, போனா மனசை மாத்திடுவான் அந்த ஆள்," என்றேன். சைக்கிள் கடைக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கணக்கு டீச்சர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லவேளை சொன்னீங்க," என்றார் நர்ஸ். "அவங்களுக்கு ரொம்ப வேண்டப்பட்டவர் ஒருத்தர் இருக்கார். அவர் கட்டடத்துக்கு விருந்துக்குப் போன இடத்துல இந்தப் பெரியவர் லிஃப்டுக்கு சீல் வெச்சுட்டாராம். அதுலேருந்து அந்தப் பக்கம் போகவே விடுறதில்லையாம்."

அதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். விருந்து சாப்பிட வந்தவன் லிஃப்ட் கயிறு தேய்ந்திருக்கிறது என்று சீல் வைத்தேன். நீங்கள் முழங்கால் வலியோடு மாடி ஏறி வந்து என்னை ஒரு வார்த்தை சொன்னீர்கள். நான் இலையிலிருந்து எழுந்து வந்தேன், அவளையும் எழுப்பிக்கொண்டு வந்தேன். அதற்கப்புறம் அவள் உங்கள் வாசலை மிதிக்கவில்லை. மிதிக்கவில்லை என்று எழுதுகிறேன், மிதிக்க விடவில்லை.

டம்ளரைக் கீழே வைத்தேன், வைத்த சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. நிமிர்ந்து உங்கள் தங்கையைப் பார்த்தேன். கேத்தலைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும்.

"ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள். "அந்த இடத்தைப் பத்தி ஐயாவுக்குத் தெரியாததா?"

அந்த இடத்திலேயே நான் இவளுடைய கணவன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை பேரும் என்னை அவ்வளவு மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் தன் வீட்டில் ஒரு அறை காலியாக இருக்கிறது என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார். போகிற போக்கில் திரும்பி, பெரியவரிடம் நீங்கள் போய்ப் பேசிப் பாருங்களேன், உங்களை மாதிரி விவரம் தெரிந்தவர் சொன்னால் ஒருவேளை கேட்பார் என்றார். பேசிப் பார்க்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

அன்றிலிருந்து பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். கூடத்தில் உட்கார்ந்து, காகிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு, அந்த ஆளிடம் ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். அவரோ ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருக்கிறார். சாப்பிடும்போது பேசினால் புரையேறும். மின்விசிறி வேகமாக ஓடினால் சளி பிடிக்கும். கயிறு நிஜமாகவே தேய்ந்திருந்தது. காரணம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் வீட்டில் யாரும் இல்லை. பல் டாக்டர் போலீஸில் புகார் கொடுக்கச் சொல்கிறார். என்னவென்று கொடுப்பேன்? அவளை அனுப்பாதீர்கள் என்று சாட்சி சொன்னவனே நான்தானே. மகளுக்குப் போன் போட்டால், அவளும் இங்கிருந்து தப்பித்துப் போன பெண் அல்லவா, கொஞ்ச நாள் விடுங்கப்பா என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான். ராத்திரி எழுந்தால் அவள் பெயரைக் கூப்பிட்டுவிடுகிறேன், பிறகு ஞாபகம் வருகிறது.

ஆகவே பழசை மனதில் வைக்காமல் உடனே புறப்பட்டு வாருங்கள். அந்த நர்ஸ் வீட்டுக்குப் போய், அண்ணன் என்ற முறையில் நாலு வார்த்தை கண்டிப்பாகச் சொல்லி, அவளை வீட்டில் கொண்டுவந்து விடுங்கள். நீங்கள் சொன்னால் தட்ட மாட்டாள். நான் அழைத்ததாகத் தெரிய வேண்டாம். எப்படியானாலும் அந்தச் சபை ஆளை விழுங்கும் கூட்டம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இல்லாவிட்டால் என் வாயாலேயே என் வீட்டைக் காலி பண்ண வைத்திருப்பார்களா?

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் படிப்பிலும் உடம்பிலும் குறையில்லாமல் நீடூழி வாழ ஆசீர்வாதம். உங்கள் முழங்கால் சீக்கிரம் குணமாக வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும்,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு போன் வந்தது, பிரித்து இதை எழுதுகிறேன். அவள்தான். நர்ஸ் வீட்டிலிருந்து மறுநாளே கிளம்பி உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாளாமே. நீங்கள் கதவைத் திறந்து, ஒன்றுமே கேட்காமல் பையை வாங்கிக்கொண்டீர்களாமே. அப்படியானால் மேலே நான் அவசரமாகத் தெரிவித்திருக்கும் செய்தி உங்கள் கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே நான் எழுதியது எதையும் செய்ய வேண்டாம். அவளைக் கண்டிக்க வேண்டாம், அனுப்பவும் வேண்டாம். எப்போது போகிறாய் என்று கேட்கவும் வேண்டாம். அந்தச் சபையில் ஒரு குறையும் இல்லை, என் சோதனையின் முடிவு அதுதான். போனில் அவள், "பெரியவர்கிட்ட பேசினீங்களா ஐயா?" என்று கேட்டாள். பேசினேன், நிறையக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தார், இப்போது நிறுத்திவிட்டார் என்றேன். இப்போ என்ன பண்றார் என்றாள். அழுகிறார் என்றேன். பிறகு, "அவரைச் சாப்பிடச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். சொன்னேன், மச்சான். தட்டு எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்.