தக்காளிக்குச் சோப்புப் போட்டவன்

"தக்காளியைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டேன் மேடம். நுரை அடங்கவே மாட்டேங்குது."

"எதுக்கு சார் சோப்பு?"

"கிருமி சாகட்டும்னுதான்."

மறுமுனையில் உணவு விஞ்ஞானி சிரித்துவிட்டாள். தொற்றுக்காலத்தில் மக்களின் சாப்பாட்டுச் சந்தேகங்களைத் தீர்க்க அவளுடைய ஆய்வுக்கூடம் தொடங்கிய உதவி எண் அது. ஊரடங்கில் வேலையில்லாமல், ஒற்றை அறைக்குள் சுவரோடு பேசிக்கொண்டிருந்த லிஃப்ட் மெக்கானிக் அந்தச் சிரிப்பில் தலைகுப்புற விழுந்தான்.

"வெறும் தண்ணி போதும் சார். சோப்பு உங்க கைக்கு மட்டும்."

மறுநாள் ரொட்டிப் பாக்கெட்டைப் பற்றிக் கேட்டான். பிறகு முட்டை, பால், ஐஸ்கிரீம். சாயங்காலமானால் தலைவாரி, பவுடர் பூசிக்கொண்டு போனை எடுப்பான். அவளும் சளைக்காமல் பதில் சொன்னாள். நடுவில் மழை, தூக்கம் என்று பேச்சு எங்கெங்கோ போகும். அதற்காகத்தான் அவன் நாளெல்லாம் ஏங்கிக் கிடந்தான்.

ஒருநாள் சந்தேகமே தீர்ந்துபோனது. உப்பைப் பற்றிக்கூடக் கேட்டாகிவிட்டது. வைத்துவிடப் போகிறாளே என்ற பதற்றத்தில் வாய்க்கு வந்ததை உளறினான்.

"ராத்திரி முழுக்க வெளியில இருந்த சோத்தைச் சாப்பிடலாமா மேடம்? கூடாதுன்னு என் பொண்டாட்டி சண்டை போடறா."

இல்லாத மனைவி இப்படித்தான் குடிவந்தாள்.

அவள் குரலில் இருந்த சிரிப்பு காணாமல்போனது. "அவங்க சொல்றதுதான் சரி. போனைக் கொடுங்க, நானே சொல்றேன்."

"குளிக்கிறா."

"காத்திருக்கேன்."

"குளிச்சுட்டுத் தூங்கிட்டா."

"ஈரத் தலையோடவா?"

"இல்ல மேடம்... கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா!"

"இந்த ஊரடங்குலயா?"

கல்யாணமும் பிரிவும் ஒரே போனில் முடிந்தன. "அவங்களைச் சமாதானப்படுத்துங்க சார்," என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் கூப்பிட்டான்; மணி அடித்தது, அவள் எடுக்கவில்லை. அதற்கு மறுநாளும் அப்படியே. அவள் குரல் இல்லாத அறையில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மானம் போனாலும் போகட்டும் என்று மூன்றாம் நாளும் கூப்பிட்டான். யாரோ எடுத்ததுதான் தாமதம், கொட்டிவிட்டான்.

"எனக்குப் பொண்டாட்டியே கிடையாது மேடம்! உங்ககூடப் பேசத்தான் பொய் சொன்னேன்!"

மறுமுனையில் ஓர் ஆண்குரல் செருமியது.

"நான் அவ அப்பா பேசறேன். இதை முதல்லயே சொல்லக்கூடாதா தம்பி? அந்த உதவி எண்ணை ஆபீஸ்ல எப்பவோ மூடியாச்சு, உங்க ஒருத்தர் போனுக்காகத்தான் கெஞ்சிக் கேட்டு அந்த நம்பரை வீட்டுக்கு வாங்கிட்டு வந்தா!"