மூன்று ஷிப்டில் ஐந்தாம் வகுப்பு

எனக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு வேலை தன்பாட்டில் நடந்துகொண்டிருந்தால் எனக்குப் பொறுக்காது. உடனே அதை நிர்வாகம் செய்யக் கிளம்பிவிடுவேன். இதற்கு மருந்தே கிடையாது என்பது என் மனைவி கோமதியின் தீர்ப்பு. ஐம்பது வருஷமாகப் பக்கத்திலிருந்து பார்க்கிறவள், அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இந்த வியாதி முற்றிப்போய் நான் என் சொந்த மகளின் படிப்பிலேயே கைவைத்த கதை இது. (தாராளமாகச் சிரிக்கலாம். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை என்பதை மட்டும் ஓரமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.)

அறுபதுகளின் நடுவில் நான் நெய்வேலி சுரங்கத்தில் கன்வேயர் பகுதியில் ஃபோர்மேன். வயது முப்பத்திரண்டு. கீழே இருபது பேர். இருபது பேருக்கு உத்தரவு போடுகிறவனுக்கு இந்த உலகத்தில் தெரியாதது எதுவுமில்லை என்று மனப்பூர்வமாக நம்பிக்கொண்டிருந்தேன். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கிடைத்து, குழாயைத் திருகினால் தண்ணீர், சுவிட்சைத் தட்டினால் விளக்கு என்று இருந்ததில் தலைக்கனம் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது.

எங்களுக்கு ஒரே மகள் வசந்தா. ஐந்தாம் வகுப்புக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருக்கும், ஆகஸ்ட்டில் காய்ச்சலில் விழுந்தாள். வலது முழங்கால் வீங்கியது. அது வடிந்ததும் இடது கால். அப்புறம் மணிக்கட்டு. ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் உயிர் போய் உயிர் வந்தது.

"மூட்டுவாதக் காய்ச்சல். இதயத்தைத் தொடாம பாத்துக்கணும். ஊசி தவறாம போடணும். இந்த வருஷம் முழுக்கப் படுக்கைதான். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, நடக்கவும் கூடாது" என்றார்.

வசந்தா ஊசிக்கு அழவில்லை. வீட்டுக்கு வந்து கட்டிலில் படுத்த பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதாள். "எல்லாரும் ஆறாம் கிளாஸ் பெரிய ஸ்கூலுக்குப் போயிடுவாங்க. நான் மட்டும் சின்னப் பிள்ளைங்களோட மறுபடி அஞ்சாம் கிளாஸா? மாட்டேம்ப்பா." அந்த நிமிஷமே சபதம் போட்டேன், வருஷம் போகக் கூடாது.

பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியையை எல்லோரும் பெரிய டீச்சர் என்போம். போய்க் கெஞ்சினேன். நல்ல மனுஷி. "பிப்ரவரியில நானே உங்க வீட்டுக்கு வந்து பாடம் கேக்கறேன். அதுவரைக்கும் நடந்த பாடமெல்லாம் தெரிஞ்சிருந்தா ஆண்டுப் பரீட்சையையும் வீட்டிலேயே வெச்சு ஆறாவதுக்கு அனுப்பிடலாம். தெரியலேன்னா ஒண்ணும் செய்யறதுக்கில்ல" என்றார். கூடவே, வகுப்பு நோட்டுகளை வாரம் ஒரு தடவை அனுப்பிவைக்கட்டுமா என்றும் கேட்டார்.

"அதெல்லாம் எதுக்கு டீச்சர், நான் பாத்துக்கறேன்" என்றேன். (இருபது பேருக்கு உத்தரவு போடுகிறவன் இல்லையா?)

வீட்டுக்கு வந்து ஒரு பெரிய காகிதத்தில் கட்டம் போட்டேன். எங்கள் வரிசையில் அடுத்தடுத்த மூன்று வீட்டில் மூன்று பேர், மூன்று ஷிப்ட். ஏ ஷிப்ட் காலை ஆறுக்கு, பி ஷிப்ட் மத்தியானம் இரண்டுக்கு, சி ஷிப்ட் ராத்திரி பத்துக்கு. வாரா வாரம் மாறும். ஆகவே பகலில் எப்போது பார்த்தாலும் எங்களில் யாராவது ஒருவர் வீட்டில் இருப்பார். பி ஷிப்ட்காரர் காலையில் கணக்கு நடத்த வேண்டியது. சி ஷிப்ட்காரர் மத்தியானம் சரித்திர பூகோளம். ஏ ஷிப்ட்காரர் வேலை முடிந்து வந்து சாயங்காலம் தமிழ். வாரம் மாறினால் ஆளும் மாறுவார். உற்பத்தி நிற்காது.

என்னோடு சேர்ந்தவர்கள் இரண்டு பேர். பாலக்காட்டுக்காரர் குஞ்ஞப்பன், ஃபிட்டர். குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக்காரர் ஏழுமலை, எலக்ட்ரீஷியன். இரண்டு பேருக்கும் வசந்தா என்றால் உயிர். கேட்ட மாத்திரத்தில் சம்மதித்தார்கள்.

"நம்ம பாப்பாவுக்கு இல்லாம யாருக்குங்க? தூக்கத்தை வுட்டுட்டாவது சொல்லிக் குடுக்கறேங்க" என்றார் ஏழுமலை.

சுரங்கத்து விதிகள் அத்தனையும் கட்டிலடிக்கு வந்தன. ஒரு லாக் புக் போட்டேன், பழுப்பு அட்டையெல்லாம் போட்டு. பாடம் முடிந்ததும் நடத்தியவர் அதில் எழுத வேண்டும். சனிக்கிழமை நான் சிவப்பு மையில் கையெழுத்துப் போடுவேன். அடுத்த ஆள் வந்து பொறுப்பேற்காமல் முன்னவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. இந்த விதியால் ஒருநாள் பெரிய கூத்து. வடலூருக்குப் போன ஏழுமலை பஸ் கிடைக்காமல் மாட்டிக்கொள்ள, காலையில் உட்கார்ந்த குஞ்ஞப்பன் ஒன்றரை மணியாகியும் நாற்காலியை விட்டு நகரவில்லை.

"அண்ணே, கம்பெனி பஸ் போயிடும், நீங்க கிளம்புங்க" என்று கோமதி கெஞ்சியிருக்கிறாள்.

"ரிலீவர் வரலையே சேச்சி. எப்படிப் போறது?"

பஸ் போயே போய்விட்டது. குஞ்ஞப்பன் மெமோ வாங்கினார். வசந்தாவுக்கு அன்றைக்கு டபுள் டூட்டி. "எம்பிள்ளைக்கு ஓவர்டைம் உண்டா, இல்ல இதுவும் கான்ட்ராக்ட் வேலைதானா?" என்று கோமதி என்னைக் கேட்டாள். பொம்பளைகளுக்கு நிர்வாகம் புரியாது என்று நான் பெரிய மனதோடு விட்டுவிட்டேன்.

இனிமேல்தான் மானம் போகிற கட்டம். எங்கள் சுரங்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. முந்தின ஷிப்ட் செய்த வேலையை எவனும் நம்ப மாட்டான். அவர்கள் முடுக்கிய நட்டை அவிழ்த்து, நம் கையால் திரும்ப முடுக்கினால்தான் நமக்குச் சோறு இறங்கும். முதல் வாரம் குஞ்ஞப்பன் கணக்கு நடத்தினார். முதல் பாடம், இடமதிப்பு: ஒன்று, பத்து, நூறு, ஆயிரம். இரண்டாவது வாரம் ஏழுமலை வந்தார். நாலு கேள்வி கேட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தார்.

"அடிமட்டமே சரியில்லைங்க. அந்தாளு ஒரு வாரமா என்னா சொல்லிக்கினு இருந்தாரோ! நான் முதல்லேர்ந்து எடுத்துக்கினு வரேங்க."

"அதான் சரி" என்றேன். மூன்றாவது வாரம் என் முறை. நான் மட்டும் என்ன இளப்பமா? ஏழுமலை நடத்தியதை நம்பலாமா? நானும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். நான்காவது வாரம் குஞ்ஞப்பன் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து. தமிழிலும் இதே கதை. கடவுள் வாழ்த்தை மூன்று பேரும் மூன்று ராகத்தில் நடத்தினோம். நான் மட்டும்தான் முதலுக்குப் போகிறேன், மற்ற இருவரும் மேலே மேலே நடத்திக்கொண்டு போகிறார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம். லாக் புக்கும் அப்படித்தான் சொன்னது. 'பாடம் நடக்கிறது. பழுது இல்லை.' அதற்குக் கீழே வரிவரியாக 'மேற்படி', 'மேற்படி', 'மேற்படி'. நான் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டுத் தள்ளினேன்.

வசந்தாவாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னாளாம். "இது முன்னமே ஆயிடுச்சு மாமா" என்றதற்கு, "அது தப்பா ஆயிடுச்சு பாப்பா" என்று பதில் கிடைத்ததாம். என்னிடமும் ஒரு தடவை சொன்னாள். பாடத்திலிருந்து தப்பிக்கப் பார்க்கிறாள் என்று நினைத்து, ஒழுங்காக உட்காரச் சொன்னேன்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை பெரிய டீச்சர் குடையும் கையுமாக வந்தார். சீஃப் இன்ஜினீயர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு நிற்பதுபோல நாங்கள் மூன்று பேரும் இஸ்திரி போட்ட சட்டையில் வரிசையாக நின்றோம். கோமதி கேசரி கிளறியிருந்தாள். நான் லாக் புக்கை இரண்டு கையாலும் நீட்டினேன்.

டீச்சர் ஒரு பக்கம் புரட்டினார். அடுத்த பக்கம். நடுவில் திறந்து பார்த்தார். கடைசியிலும் பார்த்தார். அதை மேஜைமேல் வைத்துவிட்டு வசந்தாவிடம் திரும்பினார்.

"இடமதிப்பு சொல்லும்மா."

வசந்தா பொழிந்து தள்ளினாள். குஞ்ஞப்பன் வழி, ஏழுமலை வழி, அப்பா வழி என்று மூன்று வழியிலும் சொன்னாள். நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

"ரொம்ப நல்லது. பின்னம் கூட்டத் தெரியுமா? முக்காலும் ஆறில் ஒண்ணும் எவ்வளவு?"

"அது இன்னும் வரலை டீச்சர்."

"சரி, மூணு இலக்கப் பெருக்கல்?"

"அதுவும் வரலை. ரெண்டாம் பாடமே வரலை டீச்சர்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆறு மாசமா?"

அந்த இடத்தில் ஒரு தகப்பன் என்ன செய்திருக்க வேண்டும்? நான் செய்தது என்ன தெரியுமா? "குஞ்ஞப்பன், இது உம்ம ஷிப்டுல நடந்த கோளாறு" என்றேன்.

"என்ட ஷிப்டிலா? நான் கொடுக்கும்போது கரெக்டா ஓடிச்சு சாரே. ஏழுமலையைக் கேளுங்க!"

"என்னை எதுக்குங்க இழுக்கறீங்க? நான் பாட்டுக்கு அடித்தளம் போட்டுக்கினு இருந்தேன். அதை இடிச்சது யாரு?"

கன்வேயர் பெல்ட் அறுந்துபோனால் எப்படிச் சண்டை போடுவோமோ அப்படிப் போட்டோம். சத்தம் அடுத்த பிளாக் வரை போயிருக்கும். அதற்கு நடுவில் கட்டிலிலிருந்து ஒரு சின்னக் குரல். "அப்பா, அப்ப நான் ஃபெயிலா?"

அவள் அழாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். என் பிள்ளையின் ஒரு வருஷத்தை நானே தின்றுவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

டீச்சர் எங்களைச் சட்டையே செய்யவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சரித்திரத்தில் ஒரு கேள்வி கேட்டார். டக்கென்று பதில் வந்தது. பூகோளத்தில் கடைசிப் பாடத்திலிருந்து கேட்டார். அதுவும் வந்தது. தமிழில் ஒரு செய்யுளைப் பாதியில் எடுத்துக் கொடுத்தார், மீதியை வசந்தா முடித்தாள். நாங்கள் மூன்று பேரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தோம். அதெல்லாம் நாங்கள் நடத்தவே இல்லை.

"இதெல்லாம் யாரும்மா சொல்லிக் குடுத்தாங்க?"

வசந்தா தயங்கினாள். "யாரும் இல்ல டீச்சர். மத்தியானம் வர்றவங்க நைட் ஷிப்ட் முடிச்சு வருவாங்க. உக்காந்ததும் தூங்கிடுவாங்க. குஞ்ஞப்பன் மாமாவும், ஏழுமலை மாமாவும், அப்பாவும். நான் சத்தம் போட்டுப் படிச்சா இன்னும் நல்லாத் தூங்குவாங்க. அப்படியே சரித்திர பூகோளத்தோட தமிழையும் சேர்த்து ரெண்டு புஸ்தகத்தையும் முடிச்சிட்டேன். கணக்கை மட்டும் காலையில, முழிச்சிருக்கிறப்ப நடத்தினாங்க."

கோமதி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அடுக்களைக்கு ஓடினாள். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

பெரிய டீச்சர் எழுந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு கிடையாது. "தமிழ், சரித்திர பூகோளம் ரெண்டும் சரி. கணக்குக்கு ஏப்ரல் வரைக்கும் டைம் தர்றேன். வகுப்பு நோட்டு அனுப்பறேன். சந்தேகத்தை எழுதி அனுப்பட்டும், நான் பதில் எழுதறேன். ஆனா ஒரு கண்டிஷன். நீங்க மூணு பேரும் இனிமே காலையிலயும் தூங்கணும்."

"டீச்சர்?" என்றேன்.

"தூங்கினவரைக்கும் நல்லாத்தானே சொல்லிக் குடுத்திருக்கீங்க?"

அப்புறம் இரண்டு மாதம் எங்கள் வீட்டில் நடந்தது உலகத்தில் எங்கேயும் நடந்திருக்காது. கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்திருக்கும். யாருக்கு ஓய்வோ அவர் வந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ஆள் இல்லாவிட்டால் வசந்தாவுக்குக் கணக்கு ஓடாது. குஞ்ஞப்பன் குறட்டைகூட விட்டுக் காட்டுவார். ஏழுமலை அரைக்கண்ணைத் திறந்தால், "தூங்குங்க மாமா" என்று அதட்டல் விழும்.

ஒரு நாள் நான் படுத்திருந்தேன். அவள் வாய்விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பெரிய டீச்சர் கேட்ட அதே கணக்கு. "மேல மூணும் ஒண்ணும் நாலு. கீழ நாலும் ஆறும் பத்து. பத்துல நாலு." தப்பு! எழுந்து பென்சிலைப் பிடுங்கத் துடித்த கையை முதுகுக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். அவள் பென்சிலைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "முக்கால்னா பாதிக்கு மேல. பத்துல நாலு பாதிக்குக் கீழ. கூட்டினா எப்படிக் குறையும்?" அழிப்பான் தேய்க்கிற சத்தம் கேட்டது. நோட்டைப் புரட்டினாள். முணுமுணுத்தாள். ரொம்ப நேரம் கழித்து, "பன்னிரண்டில் பதினொண்ணு" என்றாள்.

மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடியது. சந்தோஷமா, வெட்கமா, எனக்கே தெரியவில்லை.

"அப்பா, தூங்கறவங்க அழ மாட்டாங்க. ஒழுங்காத் தூங்குங்க."

ஏப்ரலில் தேறினாள். ஜூனில் டாக்டர் அனுமதி கொடுக்க, ஆறாம் வகுப்புக்கு மெதுவாக நடந்து போனாள். புத்தகப் பையை நான் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். வாயைத் திறக்கவில்லை.

அதோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்குப் பரீட்சை என்றாலும் முதல் வேலையாக எனக்குப் பாய் போட்டுவிடுகிறார்கள். போன வருஷம் வசந்தாவின் மகளுக்குச் சென்னையில் ஒரு வேலைக்கு இன்டர்வியூ. காலையிலேயே வசந்தா போன் பண்ணிவிட்டாள்: "அப்பா, பத்தரைக்கு உள்ள கூப்பிடுவாங்களாம். படுத்துட்டீங்களா?" படுத்தேன். பன்னிரண்டு மணி வரை கண்ணைத் திறக்கவில்லை. வேலை கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் பேத்தியைத்தான் ஆஹா ஓஹோ என்று பாராட்டினார்கள். இந்த வயசில் ஒன்றரை மணி நேரம் கட்டையாகக் கிடந்தவனை, முதுகு வலிக்கிறதா என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.